எழுத்தைப் படமாக்கும்போது



கவிதை, நாவல், நாட்டார் பாடல் என்று இத்தொடரில் பலவற்றைக் கதைத்து வந்தோம். இவ்வாரம் எடுத்துக்கொள்வது சற்று வேறான விடயம். மூதூரிலிருந்து நேயர் ஒருவர் எழுதிய கடிதமே அதற்குக் காரணம். அவருடைய தந்தையார் வாழ்நாள் முழுவதும் கவிதை எழுதியவர். ஆனால் நூலாக ஒன்றும் வெளிவரவில்லை. 2003ஆம் ஆண்டில் தெரிந்த ஒருவரைக் கொண்டு, கொப்பிகளில் இருந்த கவிதைகளைக் கணினியில் தட்டச்சுச் செய்வித்து வைத்திருக்கிறார்கள். தந்தையார் இப்போது இல்லை. அண்மையில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் தமிழே இல்லையாம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஏதோ ஒரு கிறுக்கல். அச்செடுக்கும் கடையில் கேட்டபோது, தமிழாக்கிப் பார்க்கலாம், பிறகு எல்லாப் பக்கங்களையும் படக்கோப்பாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் எந்தக் கைத்தொலைபேசியிலும் அப்படியே தெரியும், இனி ஒரு தொல்லையும் இல்லை என்றார்களாம். “செய்யலாமா ஐயா?” என்று கேட்கிறார்.

கேள்வி ஒரு வரிதான். விடை அவ்வளவு சிறியதன்று. எழுத்து என்றால் என்ன என்ற பழைய இலக்கணக் கேள்வியே இதற்குள் ஒளிந்திருக்கிறது.

நன்னூல் படித்த மாணவர்களுக்குத் தெரியும். எழுத்துக்கு ஒலிவடிவம் உண்டு, வரிவடிவமும் உண்டு. “அ” என்று வாயால் சொல்வது ஒலி; பலகையில் எழுதிக் காட்டுவது வரி. வரிவடிவம் காலத்துக்குக் காலம் மாறலாம். சோழர் காலக் கல்வெட்டில் உள்ள ககரமும் நம் பாடநூலில் உள்ள ககரமும் பார்வைக்கு ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் ககரமே. இவ்விரண்டோடு கணினி மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டது. அதை எண்வடிவம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

கணினிக்குள் எழுத்து என்று எதுவும் இல்லை, எண்கள்தாம் இருக்கின்றன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த யுனிகோட் என்னும் முறையில் அகரத்துக்கு 2949 என்று ஓர் எண். ககரத்துக்கு 2965. “திருகோணமலை” என்று நாம் ஆறெழுத்தாக எழுதும் ஊர்ப்பெயர், கணினிக்குள் பத்து எண்களாக நிற்கிறது. தகரம் 2980, அதன் மேல் ஏறும் விசிறி 3007, ரகரம் 2992, உகரக்குறி 3009 என்று அந்த வரிசை ஓடும். எழுத்தாவணம் ஒன்றைத் திறக்கும்போது கணினி இந்த எண்களை வாசித்து, தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்து உரிய வரிவடிவத்தை எடுத்துத் திரையில் வரைகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதிதாக வரைகிறது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். எழுத்துருவை மாற்றினால் வடிவம் மாறும், எண் மாறாது.

இதே பக்கத்தைப் படக்கோப்பாக மாற்றும்போது நடப்பது என்ன? ஒருமுறை வரைந்த வடிவத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பத்து எண்களையும் கணினி கைவிட்டுவிடுகிறது. படக்கோப்பிலும் எண்கள் உண்டு. ஆனால் அவை எழுத்தின் எண்கள் அல்ல. இந்தப் புள்ளி கறுப்பு, அடுத்த புள்ளி வெள்ளை என்று நிறத்தைச் சொல்லும் எண்கள். படத்துக்குள் தகரம் எது, மகரம் எது என்று கணினிக்குத் தெரியாது. கோணேசர் மலையும் கோணமலை என்ற சொல்லும் அதற்கு ஒன்றுதான். இரண்டும் புள்ளிக் கூட்டம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். “திருகோணமலை” என்ற சொல்லை இன்றைய வழக்கமான முறையில் எழுத்தாகச் சேமிக்க 30 பைட் போதும். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் படமாக்கினால் குறுக்கே 2480, நெடுக்கே 3508, மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். வண்ணப் படமாகச் சுருக்காமல் வைத்தால் இரண்டரைக் கோடி பைட்டுக்கும் மேல். தாளில் ஒரு வெண்பா இருந்தாலும் அதே கணக்கு. ஒன்றுமே எழுதாத வெற்றுத் தாளாக இருந்தாலும் அதே கணக்கு. சுருக்கும் முறைகள் இருப்பதால்தான் நடைமுறையில் இது மிகவும் குறைகிறது.

இது கணினியோடு வந்த புதுமை என்று எண்ணவேண்டாம். துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இதன் முன்னோடி பழக்கமான பொருள்தான். சீனன்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல்கள் வரும் ஊர் இது. கப்பல் அலுவல்களுக்கு முன்பு இரண்டு கருவிகள் உலகெங்கும் பயன்பட்டன. ஒன்று டெலெக்ஸ், மற்றையது தொலைநகல், அதாவது நாம் பெக்ஸ் என்று சொன்னது. டெலெக்ஸ் எழுத்தை அனுப்பியது. ஐந்து துடிப்புகளைக் கொண்ட குறியீடு. 32 சேர்க்கைகள்தாம் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் இலக்கமும் சில குறிகளும் அதற்குள் அடங்கிவிடும். தமிழின் 247 எழுத்துக்கு அங்கே இடமில்லை. பெக்ஸ் அப்படியன்று. தாளைக் குறுக்கே ஒரு கோட்டுக்கு 1728 புள்ளிகளாக அளந்து, ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் தொலைபேசிக் கம்பி வழியே சொன்னது. ஒரு முழுத்தாள் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளாகப் போய்ச் சேர்ந்தது. அதில் இருப்பது தமிழா, சிங்களமா, அரபா, பிள்ளை கீறிய பூனையா என்பது அந்தப் பொறிக்குத் தெரியாது. தெரியாததனாலேயே தமிழ் முழுமையாகப் போனது. அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1843ஆம் ஆண்டிலேயே இதன் மூலக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தொலைபேசி அதற்குப் பிறகுதான் வந்தது.

எனவே படமாக்கல் என்பது எழுத்தறியாத பொறியைக் கொண்டு எழுத்தை அனுப்பும் உபாயம். பொறிக்கு நம் எழுத்துத் தெரியாத காலத்தில் அது பேருதவி. தமிழர்கள் இந்த உபாயத்தை நாடியதற்கும் காரணம் அதுவே.

மூதூர் நேயரின் கிறுக்கலுக்கு இப்போது வருவோம். அது பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துரு. இலங்கையில் அச்சகம், அலுவலகம், பாடசாலை என்று எங்கும் பரவியிருந்தது. இன்றும் முற்றாக மறையவில்லை. தமிழுக்கென்று தனி எண்கள் பாவனைக்கு வருமுன்னர் செய்யப்பட்ட இவ்வகை எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, அதன் வரிவடிவத்தை மட்டும் தமிழாக வரைந்தன. பாமினியில் “தமிழ்” என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக இருக்கிறது. “அம்மா” என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி உள்ள கணினியில் அது தமிழாய்த் தெரியும். இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலக் குறிகளாய் நிற்கும். பாமினி மட்டுமன்று, இப்படிப் பல எழுத்துருக்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல வேடங்கள்.

யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டது உண்மை. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது இயல்பாக ஓடத் தொடங்கியது 2000, 2001 என்று வந்த வின்டோஸ் பதிப்புகளோடுதான். அவை நம் ஊர்களுக்கு வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டையொட்டித் தாப், தாம் என்ற குறியீடுகள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழர்கள் ஆக்கிய திஸ்கி என்ற குறியீடும் வழங்கியது. இத்தனை கோலங்களுக்கு நடுவே லண்டனில் இருப்பவருக்குத் திருமலையிலிருந்து ஒரு தமிழ்க் கடிதம் போய்ச்சேர வேண்டுமென்றால் என்ன வழி? தாளில் அச்செடுத்து அதை ஸ்கான் செய்து படமாக அனுப்புவதே நிச்சயமான வழி. அந்தப் பழக்கம் தேவை தீர்ந்த பின்னும் நம்மிடம் தங்கிவிட்டது.

அதற்காகப் படத்தைக் குறைத்துப் பேசவும் நான் தயாரில்லை. தமிழ் படித்தவன் எவனும் அப்படிப் பேச முடியாது.

பிரடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், வாயிற்கல்லில் இரட்டை மீன் சின்னத்தையும் தமிழ் எழுத்துகளையும் கண்டிருப்பீர்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டியபோது வாயிலுக்கு வந்த கல் அது என்பர். குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் வருகையையும் சொல்லும் பாட்டென்று பாடசாலையில் நாம் மனனம் செய்வது அதைத்தான். ஆனால் கல் சிதைந்திருக்கிறது. சிதைந்த இடங்களை நிரப்பி வாசிப்பதில் அறிஞர்கள் எல்லாரும் ஒன்றுபட்டவர்கள் அல்லர். இத்தகைய கல்வெட்டைப் பதிக்கும் ஆய்வாளர் இரண்டு காரியம் செய்வார். நனைத்த தாளைக் கல்லில் ஒற்றித் தூரிகையால் அடித்து மை பூசி மைப்படி எடுப்பார். பிறகு அதை வாசித்துப் பாடத்தை எழுதுவார். மைப்படி படம்; பாடம் எழுத்து. பாடம் மட்டும் இருந்தால் அவர் சொன்னதை நாம் நம்பித்தான் ஆகவேண்டும். மைப்படியும் இருந்தால், “ஐயா, நீங்கள் மகரம் என்றது எனக்கு வகரமாகத் தெரிகிறதே” என்று நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒருவர் கேட்கலாம்.

ஓலைச்சுவடிகளின் சங்கடம் இன்னும் பெரிது. சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே கீறப்பட்டிருக்கும். “கொல” என்று ஓலையில் கிடப்பது கொல, கோல, கொல், கோல் எதுவாகவும் இருக்கலாம். கெரல என்று வாசித்தாலும் ஓலை மறுக்காது. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்த பணி, இன்றைய பேச்சில் சொல்வதானால், படத்தை எழுத்தாக மாற்றியது. நம் ஊரும் அந்தப் பணியோடு தொடர்புடையது. திருகோணமலை தி. த. கனகசுந்தரம்பிள்ளை தமிழ்நாட்டில் இருந்து பழைய நூல்களைப் பரிசோதித்தவர். அவருடைய தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியின் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர். “மோகனாங்கி” என்ற வரலாற்று நாவலை 1895இல் வெளியிட்டவரும் அவரே. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் நூலை எழுதியவர் நம் ஊரவர். அந்நூலோ நெடுங்காலம் நம் ஊரில் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. மாணவனாயிருந்த காலத்தில் அதன் பெயரைத் தேர்வுக்காக மட்டும் நான் எழுதியிருக்கிறேன்.

நூல் கிடைக்காமற் போவது எவ்வளவு எளிது என்பது நமக்குத் தெரியும். 1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கரையோர வீடுகளில் போன கொப்பிகளையும் கடிதங்களையும் யார் எண்ணினார்கள்? இத்தகைய இழப்புகளை உணர்ந்தவர்களால் 2005இல் தொடங்கப்பட்ட இணைய முயற்சிதான் நூலகம். ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் செய்தித்தாள்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பொதுவில் வைத்து வருகிறார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்னர், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போனது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து எழுத்துக் கோப்பாகவே வைத்தார்கள்.

இரண்டையும் பாவிக்கிற ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். மதுரைத் திட்டத்துக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது வரும் இடமெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பாட்டில் பிழை என்று ஐயம் எழுந்தால், அது நூலில் இருந்த பிழையா, தட்டச்சில் வந்த பிழையா என்று அந்தக் கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நூலகத்தில் 1960களின் சஞ்சிகை ஒன்றை விரித்தால் அட்டை, விளம்பரம், அச்சுப்பிழை, யாரோ பென்சிலால் கீறிய கோடு எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் அதில் ஒரு கட்டுரையைத் தேட ஒவ்வொரு பக்கமாகப் புரட்டவேண்டும். படத்தில் சாட்சியம் உண்டு, தேடல் இல்லை. எழுத்தில் தேடல் உண்டு, சாட்சியம் இல்லை.

தேடல் ஒருபுறமிருக்க, இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கண் தெரிகிறவர்களுக்கு அது தோன்றாது. எங்கள் பழைய மாணவி ஒருவர் பார்வையற்றவர். நன்றாகக் கதை எழுதுவார். கைத்தொலைபேசியில் உள்ள திரைவாசிப்பானைக் கொண்டு செய்தி வாசிக்கிறார், கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறார். இவை திரையிலுள்ள எழுத்தின் எண்களை எடுத்து, ஒலியாக மாற்றிச் சொல்லும். எண்வடிவம் ஒலிவடிவமாகிறது. இந்த வானொலிக்கு நான் எழுதி வைத்து வாசிப்பது போன்ற காரியந்தான். ஒருமுறை சிறுகதைப் போட்டி ஒன்றின் அறிவித்தலை வட்ஸ்அப்பில் அவருக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பூப்போட்ட பின்னணியில் அழகாக எழுதிய ஒரே படம். “சேர், என்ர போன் ‘படம்’ எண்டு மட்டும் சொல்லுது. வேற ஒண்டும் சொல்லுதில்ல” என்றார். விதிமுறை, பக்க அளவு, முகவரி எல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தன. வீட்டில் ஒருவர் வந்து வாசித்துச் சொல்லும்போது முடிவுத் திகதி கடந்துவிட்டது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடெங்கும் பாடக்குறிப்புகள் இப்படிப் படம் படமாகவே பறந்தன. அவசரத்துக்கு அது வழிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பழக்கமாகிவிட்டது. படத்திலுள்ள தமிழை வாசித்துச் சொல்ல முயலும் செயலிகள் இப்போது உண்டு. தெளிந்த அச்சென்றால் ஓரளவு வாசிக்கும். ரோசாப்பூவின் மேல் வெள்ளை எழுத்தில் பொறித்த புதுக்கவிதையென்றால் பூவோடு சேர்ந்து கவிதையும் அதற்கு மயக்கம் தரும். முகநூலில் கவிதை இடும் நண்பர்கள் பலர், களவு போகாதிருக்கப் படமாக்குகிறோம் என்கிறார்கள். படத்தைக் களவெடுப்பது எழுத்தைக் களவெடுப்பதைவிட எளிதென்பது அவர்களுக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை.

படம் கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. அழைப்பிதழ், சான்றிதழ், கையொப்பமிட்ட கடிதம், பதாகை, பாமினியில் உள்ள பழைய அறிவித்தலை உடனடியாக ஒருவருக்குக் காட்டவேண்டிய தருணம் ஆகியவை அத்தகையன. எப்படிச் செய்வது என்று பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆவணத்தை முதலில் பிடிஎப் ஆகச் சேமியுங்கள். வேர்ட், லிப்ரே ஒபிஸ் இரண்டிலும் அந்த வசதி உண்டு. அப்போது எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து போகும். பிறகு ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பிடிஎப்பைத் திறந்தால், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கும். 300 என்று கொடுத்துப் பக்கங்களைப் படமாக ஏற்றுமதி செய்யலாம். லிப்ரே ஒபிஸ் நேராகவே படமாக்கும். ஆனால் ஒரு முறைக்கு ஒரு பக்கம். ஒரு பந்தி மட்டும் போதுமென்றால் வின்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரையில் அந்தப் பகுதியை வெட்டிக்கொள்ளலாம். திரையில் தெரிகிற அளவு தெளிவுதான் அதற்கு இருக்கும், அச்சுக்கு உதவாது.

எந்த வகைப் படம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜேபெக் என்பது 1992இல் ஒளிப்படங்களுக்காக வகுத்த முறை. கண் கவனிக்காத நுண்விவரங்களை எறிந்துவிட்டுச் சுருக்கும். முகத்துக்கும் வானத்துக்கும் அது பொருந்தும். எழுத்தின் கூரிய விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஒரு கலங்கல் வரும். மெய்யின் புள்ளி அதில் கரைந்துபோகும். புள்ளி போனால் தமிழில் பொருளே போகும். 1996இல் வந்த பிஎன்ஜி ஒன்றையும் எறியாமல் சுருக்கும். எழுத்துக்கு அதுவே ஏற்றது. நெடுங்காலம் பேணுவதற்கு டிப் என்ற வகையை நூலகங்கள் விரும்புகின்றன. வட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கும். ஆவணம் என்ற தெரிவில் இணைத்தால் உள்ளபடியே போகும். பத்துக் கைமாறி வந்த அறிவித்தல் ஏன் மங்கலாய் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

பிடிஎப் என்றால் எழுத்து என்று எண்ணிவிடவேண்டாம். பிடிஎப்புக்குள் எழுத்தும் இருக்கலாம், வெறும் படமும் இருக்கலாம். ஒரு சொல்லின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் எழுத்து. ஒன்றுமே நடக்காவிட்டால் அல்லது பக்கம் முழுவதும் ஒரே கட்டமாகப் பிடிபட்டால் படம்.

போன எழுத்தைப் படத்திலிருந்து மீட்கவும் வழி உண்டு. எழுத்துணரி என்று அதைச் சொல்கிறோம். கூகிள் டிரைவில் படத்தை ஏற்றிக் கூகிள் ஆவணமாகத் திறந்தால் தமிழை எழுத்தாக்கித் தரும். டெசரக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தமிழ் அறியும். தமிழ் விக்கிமூலத்தில் தொண்டர்கள் ஸ்கான் செய்த நூல்களை இவ்வாறு எழுத்தாக்கி, பக்கத்தின் படத்தை ஒரு புறமும் எழுத்தை மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். புதிய அச்சில் இக்கருவி நன்றாக வேலை செய்கிறது. பழைய அச்சில் ஓலை வாசித்தவர்கள் பட்ட அதே இடத்தில் தடுக்கி விழுகிறது. காலும் ரகரமும் அதற்கும் ஒன்றுதான். “மரம்” என்றிருப்பதை “மாம்” என்று எழுதிவிடும். பழைய ணை, லை, றா, னா வடிவங்கள் வந்தால் அதன் பாடு இன்னும் திண்டாட்டம். எனவே எழுத்துணரி தந்ததை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்துத் திருத்தாமல் வெளியிடுவது நூலாசிரியருக்குச் செய்யும் அநியாயம்.

நல்ல ஏற்பாடு, இரண்டையும் ஒரே கோப்பில் அடுக்குவது. கண்ணுக்குத் தெரியும் பக்கம் படமாக இருக்கும். அதன் பின்னே, தெரியாத அடுக்காக, எழுத்து இருக்கும். பார்ப்பவருக்கு மூலநூல், தேடுபவருக்கும் திரைவாசிப்பானுக்கும் எழுத்து. ஸ்கான் செய்யும் பல மென்பொருள்களில் இன்று இவ்வசதி உண்டு.

ஆகவே மூதூர் நேயருக்கு என் விடை இது. ஐயா, அந்தக் கோப்பை இப்போது உள்ளபடியே படமாக்கவேண்டாம். எழுத்துரு இல்லாத கணினியில் படமாக்கினால் கிறுக்கல்தான் படமாகும். முதலில் கோப்பை அப்படியே பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் தமிழ் தெரியும். அது பாமினிதான் என்பது உறுதியாகும். பிறகு பாமினியை யுனிகோட் ஆக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கவிதையைப் பிரதிசெய்து அதில் இட்டால் ஒரு நொடியில் ஜே, கே, பி, ஓ எல்லாம் தகர மகரமாய்விடும். ஒவ்வொரு கவிதையையும் கொப்பியோடு ஒப்பிட்டு வாசியுங்கள். அந்த யுனிகோட் கோப்பே உங்கள் முதன்மைக் கோப்பு. அதிலிருந்து பிடிஎப்பும் படமும் எத்தனை முறையும் ஆக்கலாம். படத்திலிருந்து அதை ஆக்குவதுதான் பாடு. கடைக்காரர் வேலையைப் பின்னிருந்து தொடங்குகிறார்.

கொப்பிகளோ வேறு. அவற்றை ஒரு பக்கமும் விடாமல் அங்குலத்துக்கு 300 புள்ளியில், வண்ணத்தில், ஸ்கான் செய்து பிஎன்ஜியாகவோ டிப்பாகவோ வையுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டாம். நீல மையும் பின்னால் திருத்திய சிவப்பு மையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடும். உங்கள் தந்தையார் ஒரு சொல்லை எழுதி, வெட்டி, மேலே இன்னொன்றை எழுதி, அதையும் வெட்டி, முதற் சொல்லுக்கே திரும்பியிருக்கலாம். 2003இல் தட்டச்சுச் செய்தவர் கடைசிச் சொல்லை மட்டுமே அடித்திருப்பார். மற்ற இரண்டும் கொப்பியில் மட்டும் இருக்கின்றன.